கரை என்று காட்டியது

எல்சிக்குக் கம்ப்யூட்டர்மேல் அப்படியொன்றும் பெரிய ஆசை கிடையாது. பி.சி.ஏ. படித்ததே அந்த சீட்டுதான் கிடைத்தது என்பதால். வாழ்க்கையில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. குப்பத்திலிருந்து போன படகு திரும்பவில்லை என்றால், அது அன்றைக்கே, அந்த மணிக்கே நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அவள் அப்பா சவரிநாதன் திரும்பாத அன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. காசிமேட்டில் மீனை இறக்கிவிட்டு வருவார் என்று வீட்டில் நினைத்தார்கள். வந்து குடித்துவிட்டு எங்காவது கிடப்பார் என்று ஊரில் நினைத்தார்கள். மறுநாள் மதியம்தான் தேடப் போனார்கள். அம்மா புஷ்பவல்லி ஒரு கையில் எல்சியையும் மறு கையில் ஆறு வயது லியோனார்டையும் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தாள். ஸ்டேஷனில் கேட்டால் தெரியாது. துறைமுகத்தில் கேட்டால் தெரியாது. படகுச் சங்கத்தில் கேட்டால், "தெரியாதும்மா, நீ வூட்டுக்குப் போ." நாலாம் நாள் படகு மட்டும் எண்ணூர் பக்கம் ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. அதிலிருந்து யாராவது முகத்தைப் பார்த்துத் 'தெரியாது' என்று சொன்னால் எல்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படித்து முடித்ததும் காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த ஒரு சின்ன ஆபீசில் சேர்ந்தாள். முதலாளி மாதத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டுவார். மற்றபடி இவளும், வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வரும் சித்தார்த்தும்தான் கம்பெனி. சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் படகுச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டரும், போன் சிம் போடுகிற மோடமும் கொடுத்தது. படகுக் கணக்கை அதில் ஓடவிடும் வேலை இவர்கள் ஆபீசுக்கு வந்தது. எல்சி அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏற்பாடு சுலபம். படகு கிளம்பும்போது கரையிலிருந்தே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால். திரும்பியதும் இன்னொரு மிஸ்டு கால். காசும் இல்லை, பேச்சும் இல்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. முதல் ரிங் வந்தால் திரையில் அந்தப் படகுக்கு எதிரே 'கடல்' என்று காட்டும், இரண்டாவது வந்தால் 'கரை' என்று மாறும். பன்னிரண்டு மணிக்கு மேலும் ஒரு படகு கடலிலேயே நின்றால் சங்கத் தலைவருக்கும் மற்ற படகுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் எஸ்.எம்.எஸ். பறக்கும். நாற்பத்திரண்டு பைபர் படகு, எல்லாம் விடிகாலையில் போய்ப் பதினோரு மணிக்குள் திரும்புகிறவை, செல்போன் சிக்னல் எட்டுகிற தூரத்துக்குள் வலை போடுகிறவை.

முதலில் தெரிந்த மொழியில் எழுதினாள். அது வாரத்துக்கு மூன்று தடவை படுத்தது. எங்கோ ஒரு படகின் நம்பரில் கோளாறு என்றால் மொத்தப் புரோகிராமும் கவிழ்ந்துவிடும், நாற்பத்திரண்டு படகும் ஒன்றாகத் தொலையும். "ஒருத்தன் தும்மினா ஊரே படுத்துக்குது எல்சி" என்று சித்தார்த் சிரித்தான். எல்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

எர்லாங் என்ற பெயரை அவன்தான் பிரவுசிங் சென்டரில் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகச் செய்த மொழி, வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடும், காசு கொடுக்க வேண்டாம். எல்சி நூற்று அறுபது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கீழே ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி போட்டுக்கொண்டாள். ஆரம்பத்தில் அழாத குறைதான். ஒரு பெயருக்கு ஐந்து என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அது கடைசி வரை ஐந்துதான், மாற்ற முடியாது. லூப் கிடையாது, ஒரு வேலையைத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் அது தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வரி கமாவில் முடியும், அடுத்தது அரைப்புள்ளியில், அதற்கடுத்தது முற்றுப்புள்ளியில். இடம் மாறினால் பக்கம் பக்கமாகத் திட்டும்.

மூன்றாவது வாரம் பிடி கிடைத்தது. கிடைத்ததும் அவள் அந்த மொழியை விடவில்லை. ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாக ஒரு குட்டிப் புரோகிராம். ஒன்றின் மனசில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. ஒன்று செத்தால் மற்ற நாற்பத்தொன்றும் தங்கள்பாட்டுக்கு ஓடும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு மேஸ்திரி. அவன் எந்த வேலையும் செய்ய மாட்டான், எது விழுந்தாலும் அதை அந்த நொடியே திரும்ப எழுப்பிவிடுவது மட்டும்தான் அவன் பிழைப்பு. அதனால் எதிர்பாராத எதற்கும் பயந்து பயந்து எழுத வேண்டியதில்லை, தெரிந்ததை மட்டும் எழுது, மற்றதற்கு விழுந்தால் விழட்டும் என்று அந்தப் பிரிண்ட் அவுட் சொன்னது. பயந்தே வளர்ந்த பெண்ணுக்கு இது வேதவாக்காக இருந்தது. ரிங் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எழுதினாள். வேறு எது வந்தாலும் என்ன செய்வது என்று எழுதவில்லை, மிஷினுக்கு வேறு என்ன வரப்போகிறது?

சித்தார்த் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வுழுந்து எழுந்தா, முன்னாடி எங்க இருந்தோம்னு அதுக்கு ஞாபகம் கீதா?"

"கெடையாது. புதுசா பொறந்த மாதிரிதான்."

"அப்ப புதுசா பொறந்தது எங்க கீதுன்னு காட்டும்?"

"கரைன்னு."

"அதெப்டி? அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. 'தெரியாது'ன்னே வையேன்."

எல்சி நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். "பொம்பளைங்க வந்து பாக்குற திரைல, அவங்க வூட்டு ஆம்பளைக்கு நேரா தெரியாதுன்னு நான் எழுதி வெக்கணுமா? நீ அந்த வார்த்தைய கேட்டு அலைஞ்சதில்ல சித்தார்த். நான் அலைஞ்சிருக்கேன்."

அவன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம் என்று பிற்பாடு அவனே பல தடவை சொன்னான்.

சோதனை ஒரு மத்தியானம் நடந்தது. சங்கத்து ஹாலில் தலைவர் வால்டரும் பத்துப் பதினைந்து பேரும் சுற்றி நிற்க, எல்சி ஒவ்வொரு படகின் புரோகிராமையும் வேண்டுமென்றே கொன்றாள். கண் மூடித் திறப்பதற்குள் அது எழுந்து 'கரை' என்று காட்டியது. நாற்பத்திரண்டையும் கொன்றாள், நாற்பத்திரண்டும் எழுந்தன. எல்லாம் சரியாகத்தான் காட்டின, ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லாப் படகும் கரையில்தான் கிடந்தன. "ஷோக்கா கீதும்மா" என்று வால்டர் கைதட்டினார். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரியும் வாங்கி வைத்தார்கள்.

தம்பி லியோனார்டுக்கு அப்போது பதினெட்டு. பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, சிலுவைமுத்து மாமாவுடன் படகில் போய்க்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை, ஆனால் வேறு என்ன வேலை அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது? அவள் இறால் உரிக்கும் கம்பெனியில் இருந்தாள். தினமும் பதினோரு மணிக்கு வேலையைப் போட்டுவிட்டு, கரையில் கொட்டிய கருங்கல்மேல் ஏறி நின்று படகுகளை எண்ணுவாள். அவன் தலை தெரிந்த பிறகுதான் திரும்பிப் போவாள். சூப்பர்வைசரிடம் தினம் திட்டு வாங்குவாள்.

"இனிமே நீ கல்லு மேல நிக்க வாணாம்மா" என்றாள் எல்சி. "எனக்கு ஒரு போன் போடு. மிஷின பாத்து சொல்றேன்."

"அத்த நம்பலாமாடி?"

"உன் கண்ணு அசந்தா கூட அது அசராது."

புஷ்பவல்லி ஒரு வாரம் இரண்டையும் செய்தாள். கல்மேலும் நின்றாள், போனும் போட்டாள். ஏழு நாளும் மிஷின் சொன்னது சரியாக இருந்தது. எட்டாம் நாளிலிருந்து போகவில்லை.

லியோனார்டுக்கும் வீட்டிலேயே வகுப்பு நடந்தது. "நடுக்கடல்ல இருந்து மட்டும் ரிங் வுட்டுடாதடா. கரைன்னு மாறிடும்."

"அவசரம்னா? உன் போனுக்கு அடிக்கவா எக்கா?"

"என் போனு பஸ்ல கேக்காது, சார்ஜும் நிக்காது. மிஷினுக்கு சொல்லு. நான் தூங்கினாலும் அது தூங்காது, நாப்பது போட்டுக்கும் ஒரே நேரத்துல சொல்லிடும்." அம்மா எதிரில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிற ஆசையில் சொன்னது. எப்படிச் சொல்வது என்று அவனும் கேட்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்தேகாலுக்கு லியோனார்டின் ரிங் வந்தது, 'கடல்' என்று காட்டியது. அன்றைக்கு மற்ற படகுகள் தெற்கே போயின. இவர்கள் இருவரும் மட்டும் வடக்கே, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டை அடையாளம் வைத்துப் போனார்கள்.

எல்சி பதினொன்றரைக்குத் திரையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டும் 'கரை'. பன்னிரண்டு அடித்தது, எந்த எஸ்.எம்.எஸ்.ஸும் பறக்கவில்லை. அம்மா போன் போட்டாள்.

"தம்பி வந்துட்டானா?"

"வந்துட்டாம்மா. கரைன்னு கீது."

"மாதா புண்ணியம்" என்று சொல்லிவிட்டு அம்மா இறாலுக்குத் திரும்பினாள். இரண்டு மணிக்கு அவன் போனுக்கு எல்சி ஒரு தடவை அடித்தாள், அணைந்திருந்தது. சினிமாவுக்குப் போயிருப்பான், வண்ணாரப்பேட்டையில் சட்டை பார்க்கப் போயிருப்பான். பதினெட்டு வயசுப் பையனை யார் துரத்திக்கொண்டிருப்பது? கரைக்கு வந்தவனைப் பற்றிக் கவலைப்பட அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

ஐந்து மணிக்கு அம்மா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது. வேலை முடிந்து கரைப் பக்கமாக வந்திருக்கிறாள். "போட்ட காணோம்டி" என்றாள். "எல்லா போட்டும் கீது. இவன் போட்டு நிக்கிற எடம் காலியா கீது."

எல்சி திரையைப் பார்த்தாள். 'கரை' என்றுதான் இருந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததுதான். இருட்டுவதற்குள் பத்துப் படகு போனது, ஒன்றும் அகப்படாமல் திரும்பியது. மறுநாள் காலை பழவேற்காட்டுக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்த சிலுவைமுத்துவைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. லியோனார்ட் மூன்றாம் நாள் எண்ணூர் கல்லோரத்தில் ஒதுங்கினான். சட்டைப் பையில் போன் இருந்தது, மேலே சுற்றிய பிளாஸ்டிக் பைக்கு ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தது.

அடக்கம் முடிந்ததும் எல்சி ஆபீசுக்குப் போனாள். படகு கடலில் இருக்கும்போது திரை எப்படிக் கரை என்றது? ஊரில் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: பையன் நடுவில் கைதவறி ரிங் விட்டிருப்பான். அவளும் அப்படியே இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் பிழைப் பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு குட்டிப் புரோகிராமும் சாகும்போது, கடைசியாக எதைக் கேட்டுச் செத்தது என்று அதில் எழுதி வைத்துவிட்டுத்தான் சாகும். இரண்டு மாதமாக அதை அவள் திறக்கவே இல்லை. எல்லாம்தான் ஓடிக்கொண்டிருந்ததே.

செவ்வாய்க்கிழமையில் மூன்று சாவு பதிவாகியிருந்தது. மூன்றும் ஒரே படகு. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

எட்டு நாற்பது. "எக்கா என்ஜின் நின்னுபோச்சு. பொகக்கூண்டுக்கு நேர் கிழக்க. போட்டு அனுப்பு."

ஒன்பது பதினைந்து. "தண்ணி ஏறுது. மொண்டுகினு கீறோம். ரிங் வுடல, வுட்டா கரைன்னு மாறிடும்னு சொன்னியே."

பத்து ஐம்பது. "எக்கா பாத்தியா."

எஸ்.எம்.எஸ். வந்தால் என்ன செய்வது என்று அவள் எழுதவே இல்லை. தெரியாத ஒன்று வந்ததும், அவள் சொல்லிக்கொடுத்தபடியே அது விழுந்து செத்தது. மேஸ்திரி அதே நொடியில் எழுப்பிவிட்டான். புதிதாகப் பிறந்தது, தம்பி கரையில் இருப்பதாகத் திரைக்குச் சொன்னது. ஒன்றும் பழுதாகவில்லை, அவள் எழுதியது அத்தனையும் எழுதியபடியே நடந்தது. எல்சி மேசையில் தலையை முட்டிக்கொண்டு ஊளையிட்டாள். சித்தார்த் கதவைச் சாத்திவிட்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிலுவைமுத்து மாமா சுவரோரம் உட்கார்ந்து மெல்ல மெல்லச் சொன்னார்.

"போனு போவல. போன்ல அடிக்கிற லெட்டர் மட்டும் போவுது மாமான்னான். யாருக்கு அட்ச்சான்னு நான் கேக்கல. மத்தியானம் போட்டு கவுந்துடுச்சி, கேன புட்ச்சிகினோம். பொகக்கூண்டு கண்ணுக்கு நேரா தெரியுது. ஒரு கப்பல் கிட்டக்க போச்சு, கை காட்டலாண்டான்னேன். வாணாம் மாமா, தெம்பு வேஸ்ட்டு, எக்காவுக்கு சொல்லிட்டேன், நம்மாளுங்களே வந்துடுவாங்கன்னான். பொழுது சாயற வரிக்கும் அதையேதான் சொல்லிகினு இருந்தான்."

வால்டர் தொண்டையைச் செருமினார். "புஷ்பாக்கா, தப்பா எடுத்துக்காத. லெட்டர் அடிக்கிறேன்னு நெனச்சி, பதட்டத்துல புள்ள ரிங் வுட்டுட்டான். அதான் கரைன்னு காட்டிடுச்சி. மிஷின் மேல குத்தம் இல்ல, எல்சி மேலயும் குத்தம் இல்ல. இனிமே வந்தவுடனே ரெண்டு தபா ரிங் வுடணும்னு வெச்சிக்குவோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். புஷ்பவல்லி, மகன் ஏதோ களவு செய்து மாட்டிக்கொண்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்சிக்கு எந்தச் சேதமும் இல்லை. செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை. அவள் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு கைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவன் ரிங் வுடலண்ணே" என்றாள். மூன்றையும் நேரத்தோடு படித்தாள். மிஷின் ஏன் கரை என்றது, அதை யார் அப்படிச் செய்து வைத்தது என்றும் சொன்னாள். கடைசி வரியை இரண்டு தடவை படிக்க வேண்டியதாயிற்று.

அம்மா நிமிர்ந்து கேட்டாள். "மூணு தபா சொன்னானா?"

"ஆமாம்மா."

"மொத தபா எப்போ?"

"எட்டு நாப்பதுக்கு."

புஷ்பவல்லி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். எல்சி ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போனபோது, தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எல்சி சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே கிடந்தவள், கை கழுவப் போகும்போது சொன்னாள்.

"பதினோரு மணிக்கு நான் கல்லு மேல நின்னுருப்பேன். வாணாம்னு நீதான் சொன்ன."

கத்தியிருந்தால், கையை ஓங்கியிருந்தால் எல்சி தாங்கியிருப்பாள். அம்மா அவ்வளவுதான் சொன்னாள்.

எல்சி புரோகிராமைத் திருத்தினாள். எஸ்.எம்.எஸ். வந்தால் அந்த நொடியே எல்லாப் படகுக்கும் போகும். விழுந்து எழுகிற ஒவ்வொன்றும் இனிமேல் 'தெரியாது' என்றுதான் எழும், மனுஷர் யாராவது கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை அப்படியே நிற்கும். அடுத்த வாரம் ஒரு நாள் பேட்டரியும் தீர்ந்துபோய் மிஷின் நின்று எழுந்தபோது, நாற்பத்தொரு படகுக்கும் எதிரே 'தெரியாது' என்று வந்தது. பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். வால்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார். எல்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு நம்பராகப் போன் போட்டாள்.

புஷ்பவல்லி மறுபடியும் தினம் பதினோரு மணிக்குக் கல்மேல் ஏறி நிற்கிறாள். அவளுக்கென்று கடலில் இப்போது யாரும் இல்லை. ஏன் நிற்கிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வீட்டில் அவள் மகளிடம் பேசுவதில்லை, சோறு மட்டும் போட்டு மூடி வைக்கிறாள். ஆனால் கடைசிப் படகு வந்து சேர்ந்ததும் பக்கத்தில் நிற்கிறவளின் போனை வாங்கி ஆபீசுக்கு அடிப்பாள்.

"நாப்பத்தொண்ணு வந்துடுச்சி. உன் மிஷின்ல எத்தினி?"

"நாப்பத்தொண்ணும்மா."

"சரி" என்று வைத்துவிடுவாள்.